ஒற்றைப் பலகைக் கணினியால் சி.என்.சி. இயந்திரக் கட்டுப்பாடு

ஒற்றைப் பலகைக் கணினி என்பது செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த சிறு கணினி ஆகும். ராஸ்பெரி பை, பீகிள்போன் பிளாக் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. மில்லிங், ரௌட்டர், லேத், பிளாஸ்மா வெட்டு முதலிய சி.என்.சி. இயந்திரங்களின் அச்சுகளை நகர்த்த இக்கணினிகளைப் பயன்படுத்தும் முறை 2010களில் பரவியது. வங்கி அட்டை அளவே உள்ள ஒரு பலகை, இரும்பை வெட்டும் இயந்திரத்தை நடத்துமா என்ற ஐயம் இயல்பானது. கணக்கிடும் ஆற்றலைப் பொறுத்தவரை இந்த ஐயத்துக்கு இடமில்லை. இன்றைய சிறு பலகைகள் இவ்வேலைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வேகமானவை. சிக்கல் நேரந்தவறாமையில் இருக்கிறது. மோட்டாருக்குச் செல்லும் ஒவ்வொரு துடிப்பும் உரிய கணத்தில் சென்றாக வேண்டும். அந்தத் துடிப்பை எந்தச் சில்லு உருவாக்குகிறது என்பதே இவ்வகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பிரித்துக் காட்டும் முதன்மையான வேறுபாடு.

பின்னணி

எண்களால் இயந்திரத்தை நகர்த்தும் முறை, கணினிகள் சிறிதாவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952இல், துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் இயந்திரம் செய்து காட்டப்பட்டது. ஹெலிகாப்டர் சுழலிறக்கையின் வடிவத்தைத் துல்லியமாகப் பெற வழி தேடிய ஜான் பார்சன்ஸ் என்பவரின் எண்ணமே இதற்குத் தூண்டுகோல். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வெற்றிடக் குழல்களால் நிரம்பியிருந்தன. பின்னர் இத்தகைய இயந்திரங்களுக்கான கட்டளை மொழியாக ஜி-கோடு நிலைபெற்றது.

1990களில் அமெரிக்க அரசின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், இ.எம்.சி. என்ற பெயரில் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளை உருவாக்கியது. அரசுப் பணியாளர்கள் எழுதியது என்பதால் அது பொதுவுடைமையாக வெளிவந்தது. தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்த்தனர். அதே எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஒரு தரவுச் சேமிப்பு நிறுவனத்தின் வணிகக் குறியோடு மோதல் வந்ததால், 2010களின் தொடக்கத்தில் அது லினக்ஸ் சி.என்.சி. எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்றும் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது.

தொடக்கத்தில் இம்மென்பொருள் பழைய மேசைக் கணினிகளில் ஓடியது. அச்சுப்பொறியை இணைப்பதற்காக அவற்றில் இருந்த பேரலல் போர்ட்டில் 12 வெளியீட்டுக் கம்பிகளும் 5 உள்ளீட்டுக் கம்பிகளும் உண்டு. ஒரு மோட்டாருக்குத் துடிப்புக்கு ஒரு கம்பி, திசைக்கு ஒரு கம்பி என்று கணக்கிட்டால் மூன்று அச்சு இயந்திரத்துக்கு இது தாராளம். புதிய கணினிகளிலிருந்து அந்தப் போர்ட் மறைந்தபோது, நேரடி வெளியீட்டு முனைகளைக் கொண்ட வேறொரு மலிவான கணினி தேவைப்பட்டது. சிறு பலகைகள் அவ்விடத்துக்கு வந்தன.

ஒரு துடிப்பின் கணக்கு

சிறிய சி.என்.சி. இயந்திரங்கள் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டாரால் இயங்குகின்றன. வழக்கமான ஸ்டெப்பர் ஒரு சுற்றுக்கு 200 முழுப் படிகள், அதாவது படிக்கு 1.8 பாகை நகரும். மோட்டாரை இயக்கும் டிரைவரை ஒரு முழுப் படிக்கு 8 நுண்படிகள் என அமைத்தால், ஒரு சுற்றுக்கு 1,600 துடிப்புகள் தேவை. மோட்டாரோடு இணைந்த திருகுதண்டு ஒரு சுற்றுக்கு மேசையை 5 மி.மீ. நகர்த்துவதாகக் கொண்டால், 1 மி.மீ. நகர்வுக்கு 320 துடிப்புகள்.

இப்போது ஜி-கோடில் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் நகரும்படி ஒரு கட்டளை வருகிறது. அது நொடிக்கு 50 மி.மீ.; துடிப்புகளாகப் பார்த்தால் நொடிக்கு 16,000. ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே 62.5 மைக்ரோநொடி இடைவெளி இருக்க வேண்டும். ஒரு மைக்ரோநொடி என்பது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இந்த இடைவெளி சில மைக்ரோநொடி கூடிக் குறைந்தால் பெரிதாக எதுவும் ஆகாது. சில பத்து மைக்ரோநொடி பிசகினால் மோட்டார் கரகரவென்று ஒலிக்கும். அதன் முறுக்குவிசையில் ஒரு பங்கு வீணாகும். 1 மில்லிநொடி நின்றுபோனால் நிலைமை வேறு. நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் செல்லும் மேசை, அந்த ஒரு மில்லிநொடியில் 0.05 மி.மீ. கடந்துவிடும். மோட்டாரின் கணக்கில் அது 2 முழுப் படி. ஸ்டெப்பரின் காந்தப்புலம் 4 முழுப் படிகளுக்கு ஒரு முறை திரும்ப வரும் தன்மையுடையது. சுழலும் பகுதி உரிய இடத்திலிருந்து 2 முழுப் படிக்கு மேல் விலகினால், காந்தம் அதைப் பழைய இடத்துக்கு இழுக்காது. அடுத்த 4 படிக்குத் தள்ளிப் பூட்டிவிடும்.

எனவே ஸ்டெப்பர் தன் படிகளை இழக்கும்போது ஒன்று இரண்டாக இழப்பதில்லை. 4, 8, 12 என்ற மடங்குகளில்தான் இழக்கிறது. மேற்கண்ட இயந்திரத்தில் 4 முழுப் படி என்பது சரியாக 0.1 மி.மீ. மோட்டாரில் நிலையைத் திருப்பிச் சொல்லும் என்கோடர் இல்லாததால், கணினிக்கு இது தெரியாது. அது தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகும். அந்தக் கணத்துக்குப் பிறகு வெட்டப்படும் ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு விளிம்பும் 0.1 மி.மீ. தள்ளியே அமையும். மூன்று மணி நேர வேலையின் இரண்டாம் மணியில் இது நடந்தால், ஜாப் கெட்டது கடைசியில் அளந்து பார்க்கும்போதுதான் தெரியவரும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது

பொதுப் பயன்பாட்டு இயங்குதளம் பல வேலைகளை மாற்றி மாற்றிச் செய்கிறது. வலையட்டையிலிருந்து ஒரு தரவுப் பொட்டலம் வரும். நினைவட்டையில் எழுத வேண்டியிருக்கும். திரையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கெர்னல் கவனித்துக்கொண்டிருக்கும்போது, துடிப்பு அனுப்ப வேண்டிய நிரல் காத்திருக்க நேரிடும். சராசரியாகப் பார்த்தால் இந்தக் காத்திருப்பு மிகச் சிறியது. ஆனால் சராசரியால் இங்கு பயனில்லை. ஒரு நாளில் ஒரே ஒரு முறை நேரும் மிக நீண்ட தாமதமே ஜாபைக் கெடுக்கப் போதுமானது. ஒரு தேநீர்க் கடையில் சராசரிக் காத்திருப்பு இரண்டு நிமிடம் என்பது, பேருந்தைத் தவறவிட்டவருக்கு ஆறுதல் ஆகாது.

இதற்காக லினக்ஸில் நிகழ்நேரத் தன்மையைச் சேர்க்கும் முயற்சிகள் பல நடந்தன. ஆர்.டி.ஏ.ஐ., செனோமை ஆகியவை வழக்கமான கெர்னலுக்கு அடியில் ஒரு நிகழ்நேர அடுக்கை வைத்தன. பிரீஎம்ப்ட்-ஆர்.டி. என்பது கெர்னலையே இடைமறிக்கத்தக்கதாக மாற்றியது. நெடுங்காலம் தனி ஒட்டாக இருந்த இது, 2024இல் வெளிவந்த லினக்ஸ் 6.12 பதிப்பில் முதன்மைக் கெர்னலின் பகுதியாயிற்று.

நிகழ்நேரக் கெர்னல் இருந்தாலும் துடிப்பை மென்பொருளே உருவாக்குவதில் இன்னொரு குறை உண்டு. லினக்ஸ் சி.என்.சி.யில் இதற்கென ஓடும் வேகமான இழை, எடுத்துக்காட்டாக 25 மைக்ரோநொடிக்கு ஒரு முறை விழித்துத் துடிப்பு தேவையா என்று பார்க்கும். தேவையான இடைவெளி 62.5 மைக்ரோநொடி, அது 25இன் முழு மடங்கு அன்று. ஆகவே துடிப்புகள் 50, 75, 50, 75 என்று மாறி மாறிச் செல்லும். கெர்னல் ஒரு கணமும் தாமதிக்காவிட்டாலும் மோட்டார் சீராக ஓடாது. வேகம் கூடக் கூட இந்தப் பிசகும் பெரிதாகும்.

பீகிள்போன் பிளாக்

2013இல் வெளியான பீகிள்போன் பிளாக், இச்சிக்கலுக்குப் பொருத்தமான விடையைத் தன் செயலிக்குள்ளேயே கொண்டிருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏ.எம்.335எக்ஸ் வரிசைச் செயலி இதில் உள்ளது. லினக்ஸை ஓட்டும் 1 கிகாஹெர்ட்ஸ் ஏ.ஆர்.எம். கருவுக்குப் பக்கத்தில், பி.ஆர்.யு. எனப்படும் இரண்டு சிறு நிகழ்நேரக் கருக்கள் இருக்கின்றன. அவை 200 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. கட்டளைகளுக்காக ஒவ்வொன்றுக்கும் 8 கிலோபைட் நினைவகம் மட்டுமே.

இந்தச் சிறு கருக்களின் சிறப்பு அவற்றின் எளிமையில் இருக்கிறது. இடைமாற்று நினைவகம் இல்லை, இயங்குதளம் இல்லை, வேலையின் நடுவே யாரும் குறுக்கிடுவதில்லை. தன் பதிவேட்டில் செய்யும் ஒரு கட்டளைக்கு எப்போதும் 5 நானோநொடிதான் ஆகும். பலகையின் சில முனைகள் நேரடியாக இக்கருக்களின் பதிவேட்டோடு இணைந்திருப்பதால், ஒரே கட்டளையில் ஒரு கம்பியை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியும். பி.ஆர்.யு. முதன்மை நினைவகத்தை அணுகினால் மட்டும் இந்த உறுதி போய்விடும். எனவே துடிப்புக்கான தரவு முழுவதும் அதன் சொந்த நினைவகத்திலேயே வைக்கப்படுகிறது.

வேலை இவ்வாறு பிரிகிறது: ஏ.ஆர்.எம். கருவில் ஓடும் லினக்ஸ் சி.என்.சி. ஜி-கோடைப் படித்து, பாதையைக் கணக்கிட்டு, 1 மில்லிநொடிக்கு ஒரு முறை ஒவ்வொரு அச்சுக்கும் உரிய வேகத்தைப் பி.ஆர்.யு.வின் நினைவகத்தில் எழுதும். பி.ஆர்.யு. அந்த வேகத்துக்கேற்பத் துடிப்புகளை இடைவிடாமல் உருவாக்கும். இனி லினக்ஸ் 100 மைக்ரோநொடி தாமதித்தாலும் மோட்டார் நிற்காது; முந்தைய வேகத்திலேயே அந்தச் சிறு நேரம் ஓடும். நொடிக்கு நொடி 500 மி.மீ. முடுக்கத்தில் செல்லும் அச்சுக்கு 100 மைக்ரோநொடியில் வரும் வேக வேறுபாடு நொடிக்கு 0.05 மி.மீ. மட்டுமே. அடுத்த சுழற்சியில் அது திருத்தப்பட்டுவிடும். மன்னிக்க முடியாத தாமதம் மன்னிக்கத்தக்கதாக மாறுவது இந்த ஒரு பிரிவினையால்தான்.

லினக்ஸ் சி.என்.சி.யிலிருந்து கிளைத்த மெஷின்கிட் என்ற திட்டம் இந்தப் பலகையை முதன்மையாகக் கொண்டு வளர்ந்தது. மோட்டார் டிரைவர்களைச் செருகத்தக்க கேப் எனப்படும் துணைப் பலகைகளும் வந்தன. பயன்படுத்துவோரை அடிக்கடி தடுக்கி விழச் செய்வது முனைகளின் பங்கீடு. பலகையில் 46 முனைகள் கொண்ட இரண்டு வரிசைகள் இருந்தாலும், ஒரு பகுதி ஹெச்.டி.எம்.ஐ. திரைக்கும் இன்னொரு பகுதி உள் நினைவட்டைக்கும் ஒதுக்கப்பட்டவை. கூடுதல் அச்சுகள் வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றை முடக்க நேரிடும். மேலும் திரைக்கான சில முனைகளின் நிலையைப் பார்த்தே செயலி எங்கிருந்து தொடங்குவது என முடிவு செய்கிறது. வெளியிலிருந்து ஒரு மின்சுற்று அம்முனைகளைத் தொடக்கக் கணத்தில் இழுத்துப் பிடித்தால் பலகை இயங்கத் தொடங்காது. பலகை பழுதாகிவிட்டது என்று தவறாக எண்ணத் தோன்றும்.

ராஸ்பெரி பையும் மாற்று வழிகளும்

ராஸ்பெரி பையின் முதன்மைச் செயலியில் பி.ஆர்.யு. போன்ற கரு இல்லை. நான்கு கருக்கள் கொண்ட பை 4, பை 5 ஆகியவற்றில் நிகழ்நேரக் கெர்னலை நிறுவி, ஒரு கருவைக் கட்டுப்பாட்டு வேலைக்கென்று ஒதுக்கினால், 1 மில்லிநொடி சுழற்சியை அவை நம்பகமாக நடத்தும். துடிப்பை நேரடியாகத் தம் முனைகளிலிருந்து தருவதற்கு அவை ஏற்றவை அல்ல. பை 4க்கு எழுதப்பட்ட முனை டிரைவர் பை 5இல் அப்படியே ஓடாது என்பதும் கவனிக்க வேண்டியது. பை 5இல் முனைகள் ஆர்.பி.1 என்ற தனிச் சில்லின் வழியே செல்கின்றன.

ஆகவே துடிப்பு வேலை வெளியே அனுப்பப்படுகிறது. மேசா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அட்டைகள் இதில் பெயர்பெற்றவை. இவற்றில் உள்ள எஃப்.பி.ஜி.ஏ. சில்லு பி.ஆர்.யு.வின் பணியை இன்னும் துல்லியமாகச் செய்கிறது. சில அட்டைகள் ஈதர்நெட் வழியாகவும், சில நேரடியாகப் பையின் 40 முனை வரிசையிலும் இணைகின்றன. பையிடமிருந்து செய்தி வராமல் நின்றுவிட்டால், அட்டையில் உள்ள காவல் கடிகாரம் வெளியீடுகளைத் தானே அணைத்துவிடும். அட்டையின் விலை பையின் விலையை மிஞ்சக்கூடும். இருந்தும் ஆலை வேலைக்கு இதுவே நம்பத்தக்க சேர்க்கை.

மலிவான வழி ஜி.ஆர்.பி.எல். நார்வேயைச் சேர்ந்த சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் தொடங்கிய இம்மென்பொருள், 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ ஊனோவில் இயங்கி, நொடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்புகள் வரை தரும். இங்கு பை வெறும் அஞ்சல்காரர். ஜி-கோடு வரிகளை யு.எஸ்.பி. வழியாக ஒவ்வொன்றாக அனுப்புவதோடு சரி. பை தாமதித்தால் என்ன ஆகும்? ஜி.ஆர்.பி.எல். தன் கையில் உள்ள கடைசி வரியின் முடிவில் வேகம் சுழியமாக வேண்டும் என்றே எப்போதும் திட்டமிடுகிறது. புதிய வரி வராவிட்டால் இயந்திரம் மெல்ல வேகம் குறைந்து நிற்கும். படி இழப்பு நேராது. நின்ற இடத்தில் கட்டர் உரசிய தடம் மட்டும் மிஞ்சும். இந்த அடக்கமான வடிவமைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் ஸ்பிண்டிலின் சுழற்சியோடு அச்சை இணைத்து மரை வெட்டும் வேலை அதில் இயலாது. அதற்கு லினக்ஸ் சி.என்.சி.தான் வேண்டும்.

மின் இணைப்பு

மென்பொருளைச் சரியாக அமைத்த பிறகும் படி இழப்பு தொடர்ந்தால், பிழை பெரும்பாலும் கம்பிகளில் இருக்கும். இச்சிறு பலகைகளின் முனைகள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட்டை நேராக உள்ளே கொடுத்தால் செயலியே எரிந்துபோகும். மறுபுறம், சந்தையில் கிடைக்கும் ஸ்டெப்பர் டிரைவர்கள் பலவும் 5 வோல்ட் துடிப்பை எதிர்பார்க்கின்றன. உள்ளே இருக்கும் ஒளிப்பிரிப்பானை எரியவிட ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் கேட்கின்றன. பீகிள்போனின் முனைகளுக்கு அது சுமை அதிகம். நேரடியாக இணைத்தால் சில வேளை ஓடும், சில வேளை ஓடாது. முற்றிலும் ஓடாமலிருப்பதைவிட இது மோசம்.

இதற்கு இடையில் 74ஹெச்.சி.டி.245 போன்ற ஒரு தாங்கிச் சில்லை வைப்பது வழக்கம். இங்கு ஓர் எழுத்து முக்கியம். 5 வோல்ட்டில் இயங்கும் ஹெச்.சி. வகைச் சில்லு 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் உயர்நிலை என ஏற்கும், 3.3 வோல்ட் அதற்குப் போதாது. ஹெச்.சி.டி. வகை 2 வோல்ட்டையே உயர்நிலையாக ஏற்கும். கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவந்தால் பல நாள் தேட நேரிடும்.

அடுத்தது துடிப்பின் அகலம். பல டிரைவர்களுக்குத் துடிப்பு குறைந்தது 2.5 மைக்ரோநொடி நீள வேண்டும். திசைக் கம்பி மாறிய பிறகு, அடுத்த துடிப்புக்கு முன் சுமார் 5 மைக்ரோநொடி இடைவெளியும் வேண்டும். இந்த இடைவெளி குறைந்தால், ஒரு பக்கமாகத் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நுண்படி தவறான திசையில் செல்லக்கூடும். 320 துடிப்பு ஒரு மி.மீ. என்ற கணக்கில் அது மிகச் சிறிய அளவுதான். எனினும் முன்னும் பின்னுமாக ஆயிரக்கணக்கான முறை செல்லும் செதுக்கு வேலையில், பிழை ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போகும். இதைக் கொண்டே நோயையும் அறியலாம். இடம் பெயர்தல் திடீரென்று 0.1 மி.மீ.யின் மடங்கில் வந்தால், மோட்டார் படி இழந்திருக்கிறது. மெல்ல மெல்ல, திசை மாற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்ந்தால், திசைக் கம்பியின் நேர அமைப்பைப் பார்க்க வேண்டும்.

சோதனை

இயந்திரத்தை இணைக்கும் முன்பே தாமதத்தை அளந்துகொள்ளலாம். லினக்ஸ் சி.என்.சி.யோடு வரும் தாமதச் சோதனை நிரல், எதிர்பார்த்த கணத்துக்கும் உண்மையில் விழித்த கணத்துக்கும் இடையிலான மிகப்பெரிய வேறுபாட்டைக் காட்டும். இதைச் சும்மா இருக்கும் கணினியில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. திரையில் முப்பரிமாணக் காட்சியை ஓடவிட்டு, பெரிய கோப்புகளைப் படியெடுத்து, வலையமைப்பையும் பயன்படுத்திக்கொண்டே சில மணி நேரம் ஓட்ட வேண்டும். செயலியின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைக்கும் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிடுவது நல்லது. ராஸ்பெரி பை 80 பாகை செல்சியசை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், தூசு புகாமல் மூடிய பெட்டிக்குள் வைப்பவர்கள் வெப்பத்தை வெளியேற்றவும் வழி செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

மின்சாரம் வந்த கணத்திலிருந்து மென்பொருள் ஆயத்தமாகும் வரை, பலகையின் முனைகள் எந்த நிலையில் இருக்கும் என்று கூற முடியாது. அந்த இடைவேளையில் ஸ்பிண்டில் ரிலே இயங்கிவிடும் வாய்ப்பு உண்டு. கட்டரை மாற்றிக்கொண்டிருப்பவரின் விரல் அருகில் இருக்கலாம். இதைத் தவிர்க்க, கட்டுப்பாட்டு மென்பொருள் உயிரோடு ஓடும்போது மட்டும் ஒரு கம்பியில் இடைவிடாத சதுர அலையை அனுப்பி, அந்த அலை வந்தால் மட்டுமே டிரைவர்களுக்கும் ஸ்பிண்டிலுக்கும் அனுமதி தரும் சுற்றை அமைப்பர். சார்ஜ் பம்ப் என்று இதற்குப் பெயர். கம்பி உயர்நிலையிலோ தாழ்நிலையிலோ உறைந்துபோனால் அலை நின்றுவிடும், இயந்திரமும் நிற்கும்.

அவசர நிறுத்தப் பொத்தானைப் பலகையின் ஓர் உள்ளீட்டு முனையில் மட்டும் இணைத்துவிட்டு நிறைவடைவது ஆபத்தானது. கணினி உறைந்திருக்கும் வேளையில்தான் அந்தப் பொத்தான் மிகவும் தேவைப்படும். அது கான்டாக்டர் வழியாக ஸ்பிண்டிலின் மின்சாரத்தையும் டிரைவர்களின் மின்சாரத்தையும் நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கணினிக்குச் செல்லும் கம்பி, நிகழ்ந்ததை அறிவிக்க மட்டுமே. எல்லைச் சுவிட்சுகளையும் இயல்பில் மூடிய வகையாக வைத்தால், கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும்.

கணினிப் பலகைக்குத் தனி மின்வழங்கியும் தனிச் சுவிட்சும் இருப்பது நல்லது. அவசரப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பலகையும் சேர்ந்து அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த நினைவட்டை என்றேனும் ஒரு நாள் சிதைந்துபோகும். இயந்திரத்தின் அமைப்புக் கோப்புகளும் அதோடு போகும். அக்கோப்புகளின் படி ஒன்றை வேறோர் இடத்தில் வைத்திருப்பவர்கள், அடுத்த நாள் வேறு அட்டையைச் செருகி வேலையைத் தொடர்கிறார்கள்.